மூலை அறையின் வெற்றி விகிதம்

ரெஃப்ரி சாகப்போகிறார் என்று முடிவு செய்தது டாக்டர் இல்லை, பெயின்டர்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த முதியோர் இல்லத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே சிரிப்புக்கென்று மாடியில் தனியாக ஒரு ஹால் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள், பயிற்சியாளர் முன்னிலையில், இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சிரித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். மற்ற நேரத்தில் யாராவது சிரித்தால் ஓடி வந்து பிரஷர் பார்ப்பார்கள்.

ரெஃப்ரி என்பவர் வாழ்நாள் பூராவும் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. அந்த விசிலின் கயிறு அவருடைய மகள் பின்னிக் கொடுத்தது. சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்போதும் தயாராக இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட அன்றுகூட, தூக்கின விதம் சரியில்லை என்று ஆம்புலன்ஸ்காரருக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டுத்தான் மயங்கினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "எலும்பு கச்சிதமா சேந்துரும். ஆனா தினமும் நடக்க வைக்கணும், அது ஒண்ணுதான் மருந்து. படுக்கப் போட்டுட்டீங்கன்னா அப்புறம் எழுப்பறது ரொம்பக் கஷ்டம்" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நடக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை, அதனால்தான் இந்த இல்லம். இருந்தது மருமகன் ஒருவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டு மணியடித்தாலும் ஓட வேண்டிய பிழைப்பு. அப்பேர்ப்பட்டவர் குடியிருந்த மாடி வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். மாமனார் வீடு திரும்ப வேண்டுமென்றால் சொந்தக் காலில் படியேறித்தான் ஆக வேண்டும்.

ரெஃப்ரியின் மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி, போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. நடுவில் இருந்த ஆள் போன பிறகு இந்த இரண்டு ஆண்களும் ஒரே வீட்டில் மிச்சமாகிப் போனார்கள். டிவி சத்தத்துக்குச் சண்டை, உப்புக்குச் சண்டை, துண்டை எங்கே காயப்போடுவது என்பதற்குச் சண்டை. எல்லாம் பேசுவார்கள், அவளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். பேச ஆரம்பித்தால் யார் முதலில் உடைவது என்று இரண்டு பேருக்கும் பயம். இருந்தாலும் மாமனார் இல்லாத வீட்டில் மெக்கானிக்குக்குச் சாப்பாடே இறங்கவில்லை. திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டுமே.

இல்லத்தில் ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிசியோ என்று ஒரு இளைஞர் காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ரெஃப்ரியை நடக்க வைத்தார். அப்போதுதான், முதியோர் நலனுக்காகக் கொடுக்கிற ஏதோ ஒரு பெரிய விருதுக்கு இல்லத்தைத் தேர்வு செய்ய ஒரு குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. உடனே சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கக் கிளம்பினார்கள். பெயின்டர் ரெஃப்ரியின் அறைக்கு வந்து, "பெரியவரைக் கொஞ்சம் நகத்துங்க" என்றார். நகர்த்தினார்கள். காலியாக இருந்தது தாழ்வாரத்தின் கோடியில் இருந்த மூலை அறை மட்டும்தான்.

மூலை அறைக்கு அமைதி அறை என்று பெயர். வாசலில் ஒரு நீல விளக்கு எரியும். கடைசி நாட்களில் இருப்பவர்களை வைக்கிற அறை அது. அதில் படுத்திருப்பவர் கடைசி நாட்களில் இருப்பவர். அந்த இல்லத்தில் ஆளைப் பார்த்து அறை கொடுப்பதில்லை, அறையைப் பார்த்துத்தான் ஆளையே முடிவு செய்வார்கள்.

சாயங்காலம் மெக்கானிக் கிரீஸ் படிந்த கையோடு வந்து சேர்ந்தபோது ஹெட் நர்ஸ் நுனிக்காலில் நடந்து எதிரே வந்தார். செருப்புக்கு மேல் துணி உறை மாட்டியிருந்தார். மெக்கானிக்கின் தோளைத் தொட்டு, காதோரம் வந்து, "தைரியமா இருங்க" என்றார்.

போன வருஷமும் ஒரு நர்ஸ் இதையேதான் சொன்னார். மெக்கானிக் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மூலை அறைக் கதவைத் திறந்தால், ரெஃப்ரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, முறைத்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. எங்க போயித் தொலைஞ்ச?"

"மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. இவங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. வாக்கரைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. சோத்தைக் கூழா அரைச்சு ஊட்டி விடறாங்க. வாயில பல்லு இருக்குன்னு கடிச்சே காட்டிட்டேன், அப்பவும் நம்பல."

அறையில் எங்கிருந்தோ ஓடைத் தண்ணீர் சலசலக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. மன அமைதிக்காக ஸ்பீக்கரில் போட்டது.

"அது வேற. அந்தச் சனியனைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு. மணியடிச்சுச் சொன்னா, உடம்பு விடைபெற ஆரம்பிச்சிருச்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கிறாங்க."

மெக்கானிக் வெளியே போய் ஹெட் நர்ஸைப் பிடித்தார். "சிஸ்டர், அவருக்கு இடுப்புதான் உடைஞ்சது. நடக்க வைக்கத்தான் சேத்தோம். வாக்கர் எங்க?"

"நடக்க வேண்டிய கட்டாயத்துல இருந்து அவருக்கு விடுதலை குடுத்துட்டோம்" என்றார் ஹெட் நர்ஸ் அதே கிசுகிசுப்பில். "இனிமே அவர் எதுக்கும் சிரமப்பட வேண்டாம். நீங்க துயர்த்துணை அலுவலரைப் போய்ப் பாருங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

துயர்த்துணை அலுவலர் என்பவர் இறப்பவர்களின் குடும்பத்தைத் தேற்றுவதற்கென்றே நியமிக்கப்பட்ட பெண்மணி. அவர் அறையில் நாற்காலிகள் எல்லாம் பள்ளம். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு நேரே வந்துவிடும். சுற்றிலும் டிஷ்யூ பெட்டிகள்.

"இந்த ரூம்ல நீங்க எங்க உக்காந்து அழுதாலும் கை நீட்டுற தூரத்துல டிஷ்யூ இருக்கும். டேப் வச்சு அளந்து வச்சிருக்கோம்" என்று ஆரம்பித்தார் அவர். "சொல்லுங்க."

"மேடம், எங்க மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காரு."

"மறுப்பு" என்றார் அலுவலர் கனிவாக. "துக்கம் படிப்படியாத்தான் வரும், எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க. உங்களோடது ரொம்பத் தெளிவான மறுப்பு."

"மறுப்பு இல்ல மேடம், பெயின்ட் அடிக்கறதுக்காக ரூமை மாத்தினாங்க. அவரைப் படுக்கப் போட்டா நடை போயிரும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. இது என்ன அநியாயம்?"

"கோபம். பரவாயில்லையே, இவ்வளவு சீக்கிரமா."

மெக்கானிக் மூச்சை இழுத்து விட்டு, தணிந்து வந்தார். "சரி மேடம். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அந்த வாக்கரைக் குடுங்க. நானே வந்து நடக்க வச்சுக் காட்டறேன்."

"பேரம்" என்றார் அலுவலர். அவர் கண்ணில் ஒரு பெருமிதம் தெரிந்தது.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து நாலு கட்டிடம் ஏறி இறங்கிய உடம்பு. இனி எதைச் சொன்னாலும் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. பள்ள நாற்காலியில் அப்படியே சாய்ந்து சுவரைப் பார்த்தார்.

"ஏத்துக்கிட்டீங்க" என்று அலுவலர் எழுந்து கை கொடுத்தார். "மத்தவங்களுக்கு இதுக்கு மாசக்கணக்கா ஆகும் சார். நீங்க டீ ஆறதுக்குள்ள முடிச்சிட்டீங்க. இவ்வளவு ஒத்துழைப்பான குடும்பத்தை நான் பாத்ததே இல்ல."

அடுத்த நாள் டைரக்டரைப் பார்க்கப் போனார். டைரக்டர் எதைச் சொன்னாலும் மேடையில் மைக் முன்னால் நிற்கிற மாதிரியே சொல்லுகிறவர். எதிரே இருப்பது ஒற்றை ஆள் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

"உங்க வேதனை புரியுது. ஆனா ஒரு விஷயம் நீங்க பெருமைப்படணும். எங்க பிசியோ பிரிவை எடுத்துக்கங்க. நூறு பேரை நடக்க வச்சா அறுபது பேர் நடப்பாங்க, நாப்பது பேர் நடக்க மாட்டாங்க. ஞாபகமறதிப் பிரிவு, கேக்கவே வேண்டாம். ஆனா மூலை அறை? அதுக்குள்ள போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வந்தது இல்ல. வெற்றி விகிதம் நூத்துக்கு நூறு. இது வரைக்கும் அந்த அறையில தங்கினவங்க யாருமே ஒரு புகார் குடுத்தது கிடையாது. விருதுக் குழு வர்ற நேரத்துல, உங்க மாமா ஒருத்தரால அந்த ரெக்கார்டு கெடணுமா?"

"சார், அவர் உயிரோட இருக்காரு."

"இருக்கட்டும். நாங்க அவசரப்படுத்தலையே. யாரையும் அவசரப்படுத்தக் கூடாதுங்கறது எங்க கொள்கை."

"அப்ப வேற ரூம் மாத்திக் குடுங்க."

"எந்த ரூம்ல இருந்தும் எந்த ரூமுக்கும் மாத்த எங்ககிட்ட வழிமுறை இருக்கு. மூலை அறையில இருந்து மாத்த மட்டும் வழிமுறை எழுதல. தேவைப்படல."

"பிசியோ தம்பி வந்து ஒரு வார்த்தை சொன்னா?"

"அவர் நீல விளக்கைத் தாண்டிப் போகக் கூடாது. அவர் ஷூ சத்தம் போடும்."

"விடுங்க சார், நான் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

டைரக்டர் அனுதாபத்தோடு தலையசைத்தார். மூலை அறைக்காரர்கள் கையில் நீலப் பட்டை கட்டியிருக்கும். நீலப் பட்டைக்காரர் நடந்து வாசலுக்கு வந்தால் அது பாதுகாப்புக் குறைபாடு, வாட்ச்மேன் வேலை போய்விடும். அவர்களுக்கு முன்வாசல் கதவு திறப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அதைச் சொல்லும்போது டைரக்டரின் குரல் தழுதழுத்தது.

"வாசல் மரியாதைன்னு நாங்க ஒண்ணு வச்சிருக்கோம். மத்த இடத்துல எல்லாம் ஆள் போயிட்டா பின்வாசல் வழியா, குப்பை வண்டி நிக்கற பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. இங்க அப்படிக் கிடையாது. பூப்போர்வை போத்தி, தாழ்வாரத்துல ரெண்டு பக்கமும் ஊழியர்கள் எல்லாரும் நின்னு, தலையைக் குனிஞ்சு, முன்வாசல் வழியா அனுப்புவோம். கதவு சாத்தற வரைக்கும் ஒருத்தரும் நிமிரக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சண்டை போடத்தான் மெக்கானிக் வந்திருந்தார். ஆனால் இதற்கு மட்டும் அவரால் சண்டை போட முடியவில்லை. "நல்ல விஷயம்தான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு அவரை முன்துயர் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். இழப்பு நேர்ந்த பிறகு திண்டாடாமல் இருக்க, முன்கூட்டியே பழகிக்கொள்கிற வகுப்பு. போகாவிட்டால் பார்வையாளர் அனுமதி ரத்து. ஆகவே வேலை முடிந்த கையோடு போய், பள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் மாட்டுவதற்கு மாமாவின் எந்தப் படம் நன்றாக இருக்கும், அவருடைய எந்தச் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பயிற்சி நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இறந்தவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்லச் சொன்னார் அலுவலர்.

மெக்கானிக் கண்ணை மூடினார். மாமாதான் வர வேண்டும். வந்தது வேறு ஆள்.

"என் வொய்ஃபை சர்வீஸ் லிஃப்ட்லதான் இறக்கினாங்க" என்றார். சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. "அழுக்குத் துணிக் கூடையோட. கூட நானும் மாமாவும் நின்னோம். அது நான் சர்வீஸ் பண்ற லிஃப்ட் மேடம். ரெண்டாவது மாடியில கொஞ்சம் குலுங்கும். சரி பண்ணணும் சரி பண்ணணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கும் குலுங்கிச்சு."

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்கள். அலுவலர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"வருத்தமா இருக்கு சார். ஆனா அவங்க நம்ம இல்லத்துல காலமாகலையே. அது நம்ம வரம்புக்குள்ள வராது. நீங்க மாமாவுக்கு வாங்க."

மெக்கானிக் டிஷ்யூவுக்குக் கை நீட்டினார். அளந்து வைத்த தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் எடுக்காமல் கையை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மடக்குகிற வாக்கர் ஒன்றை வாங்கி, கருவிப் பைக்குள் ஸ்பேனர்களோடு போட்டு, மூலை அறைக்குக் கொண்டுபோனார். கதவைச் சாத்திவிட்டு மாமனாரை எழுப்பி நிறுத்தினார். ரெஃப்ரியின் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. படுத்துக் கிடந்த நாட்கள் தொடைச் சதையைத் தின்றிருந்தன. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"மாப்ள" என்றார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. குரலில் வழக்கமான மிரட்டல் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் படுத்தேன்னா, இவங்க சொல்றது நிசமாயிரும்."

"ஆகாது மாமா. விடுவேனா?"

"நீ விட மாட்ட. காலு விட்டுருமே."

ஜன்னலுக்கு வெளியே ஒரு மைதானம். பள்ளிப் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், நடுவர் இல்லாமல். ரெஃப்ரிக்கு அதைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஜன்னல் வரை நடந்து, அங்கே நின்றபடி ஆட்டம் பார்ப்பார். நிற்கிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் ஒரு பையன் அப்பட்டமாக எதிராளியின் காலைத் தட்டிவிட்டான். ரெஃப்ரியால் பொறுக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதியே விட்டார்.

அமைதி அறைப் பக்கம் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. மைதானத்தில் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். தாழ்வாரத்தில் ஒரு ட்ரே விழுந்தது. ஹெட் நர்ஸும் அலுவலரும் ஓடி வந்து பார்த்தால், பெரியவர் ஜன்னலோரம் நேராக நின்று, வெளியே மஞ்சள் அட்டை காட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா மேடம்? நிக்கறாரு. தானா நிக்கறாரு."

அலுவலர் ஹெட் நர்ஸைப் பார்த்தார். இருவரும் சோகமாகத் தலையாட்டினார்கள்.

"கடைசியா இப்படி ஒரு தெம்பு வரும்" என்றார் அலுவலர். "அணையறதுக்கு முன்னாடி. இனி அதிக நாள் இல்ல சார். மனசைத் தேத்திக்கங்க."

விஷயம் டைரக்டர் காதுக்குப் போயிற்று. அவரே மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, அருகில் வந்து உட்கார்ந்தார்.

"நாளன்னிக்குக் காலைல குழு வருது. வாசல் மரியாதையைக் கட்டாயம் பாக்கணும்னு எழுதியிருக்காங்க. எங்க துரதிர்ஷ்டம் பாருங்க, இந்த வாரம் எல்லாருமே நல்லா இருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமாவால நாளன்னிக்கு முடியுமா?"

"என்ன முடியுமா?"

"சேச்சே, கட்டாயம் ஒண்ணும் இல்ல. முடியலன்னா ஒரு செயல்விளக்கம் மாதிரி பண்ணிக்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கிட்டாப் போதும். பூப்போர்வை போத்தித் தள்ளிக்கிட்டுப் போவோம். எப்படியும் போகப்போறவர்தானே, கொஞ்சம் முன்னப்பின்ன."

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைப் போட்டு உதைப்பார்கள். அவர் மட்டும் எங்கே பிடித்து இழுத்தால் திறக்கும் என்று பார்ப்பார். இப்போதும் அதைத்தான் பார்த்தார்.

"போர்வையோட முன்வாசலைத் தாண்டிட்டா அப்புறம் என்ன சார்?"

"அப்புறம் எங்க பொறுப்பு முடிஞ்சுது. பட்டையை வெட்டிருவோம், பேரை எடுத்துருவோம்."

"திரும்ப உள்ள எடுக்க மாட்டீங்களே?"

"போனவங்களைத் திரும்ப எடுக்கற வழக்கமே இங்க கிடையாது" என்றார் டைரக்டர் பெருமையாக.

"சரி சார். எங்க மாமா வருவாரு."

மூலை அறையில் ரெஃப்ரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வெளிய போகணும், சரி. ஆனா நான் படுத்துக்கிட்டுப் போக மாட்டேன். எத்தனையோ ஆட்டக்காரனை ஸ்ட்ரெச்சர்ல அனுப்பியிருக்கேன். ரெஃப்ரி ஒருநாளும் ஸ்ட்ரெச்சர்ல போனதில்ல."

"மாமா, தாழ்வாரம் ரொம்ப நீளம். நீங்க ஜன்னல் வரைக்கும்தான் நடந்திருக்கீங்க. நடுவுல விழுந்துட்டீங்கன்னா மறுபடி இந்த ரூம்தான். அப்புறம் நிசமாவே வெளிய வர முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சும் அடம் பிடிக்கறீங்களே."

"நீ வாக்கரைப் போர்வைக்குள்ள வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

குழு வந்தது. பெயின்ட் வாசனைக்கு மூக்கை உறிஞ்சியபடி நின்றது. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் நர்ஸுகள், சமையல்காரர்கள், துணி துவைப்பவர்கள், பிசியோ, எல்லோரும் வரிசையாக நின்றார்கள். டைரக்டர் குழுவிடம் சுருக்கமாக ஒரு உரை ஆற்றினார். "இங்க ஒருத்தர் வாழும்போது நாங்க கவனிக்காம விட்டிருக்கலாம், மனுஷங்கதானே. ஆனா போகும்போது ஒருநாளும் கவனிக்காம விட்டதில்ல." குழு உருகிப்போனது. மணி ஒலித்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். டைரக்டரும் குனிந்தார். குழுவும் குனிந்தது.

மெக்கானிக் ஸ்ட்ரெச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலை அறையிலிருந்து வெளியே வந்தார். நீல விளக்கைத் தாண்டியதும் பூப்போர்வை எழுந்து உட்கார்ந்தது. ரெஃப்ரி காலைக் கீழே தொங்கப்போட்டார். மெக்கானிக் வாக்கரை விரித்து வைத்து, இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார். போர்வையை ரெஃப்ரி தோளில் போட்டுக்கொண்டார். கழுத்தில் விசில் தொங்கியது.

டொக். வாக்கர் முன்னே போனது. டொக்.

யாரும் நிமிரவில்லை. கதவு சாத்தும்வரை நிமிரக் கூடாது. குனிந்த தலைகளுக்குக் கீழே வண்டிச் சக்கரம் உருள வேண்டிய இடத்தில் இரண்டு செருப்புக் கால்கள் ஊர்ந்து போயின. குழுவில் ஒருவருக்கு அதைப் பார்த்து வியர்த்தது. பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவருக்கும் வியர்த்திருந்தது. இருவரும் இன்னும் ஆழமாகக் குனிந்துகொண்டார்கள்.

பாதி தாழ்வாரத்தில் ரெஃப்ரி நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. மெக்கானிக் பின்னால் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அதை விட்டுவிட்டு ஓடிவந்து பிடிக்கலாமா என்று தவித்தார். பிடித்தால் மாமா பேசவே மாட்டார். பிடிக்காவிட்டால் விழுவார். அப்போது பக்கத்தில் குனிந்து நின்ற ஹெட் நர்ஸ், தலையை நிமிர்த்தாமலே, உதட்டை அசைக்காமலே சொன்னார்.

"முதல்ல வாக்கர். அப்புறம் ஆபரேஷன் பண்ணின கால். அப்புறம் நல்ல கால். அவசரமே இல்ல."

துணி உறை மாட்டிய தன் காலை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். வாக்கர் முன்னே போனது. ஆபரேஷன் பண்ணின கால். நல்ல கால். ரெஃப்ரி மறுபடி நடந்தார். வேகமாகப் போயிருக்கலாம், போகவில்லை. இரண்டு பக்கமும் குனிந்திருந்த ஒவ்வொரு தலையையும் பார்த்துப் பார்த்து, நின்று நின்று போனார். மெக்கானிக்குக்கு அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

வாசலில் துயர்த்துணை அலுவலர் குனிந்தபடியே நீலப் பட்டையை வெட்டினார். குனிந்தபடியே ஒரு சின்னத் தொட்டிச் செடியை மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். அது நினைவுச் செடி. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பலமாகக் கைதட்டல் கேட்டது. விருது அவர்களுக்குத்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

டாக்ஸியில் ரெஃப்ரி வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு மருமகன் மடியில் இருந்த தொட்டியைக் கவனித்தார்.

"இது என்ன?"

"உங்க ஞாபகமா எனக்குக் குடுத்திருக்காங்க."

"தண்ணி ஊத்துவியா?"

"பாக்கலாம்" என்றார் மெக்கானிக்.

மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், துண்டு ஏன் சோபாவில் கிடக்கிறது என்று சண்டை ஆரம்பித்தது. மெக்கானிக் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு நாள் போன் அடித்தது. மெக்கானிக் அடுப்படியில் இருந்தார். ரெஃப்ரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம். துயர்த்துணைப் பிரிவுல இருந்து பேசறேன். பின்கவனிப்பு அழைப்பு. உங்க இழப்புக்கு எங்க ஆழ்ந்த அனுதாபம். மூலை அறையில இருந்த பெரியவர் உங்களுக்கு என்ன உறவு?"

மெக்கானிக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, வைத்துவிடச் சொல்லிக் கை காட்டினார். ரெஃப்ரியின் முகத்தில் குறும்பு ஏறிவிட்டது.

"ரொம்ப நெருங்கின உறவு" என்றார். "தங்கமான மனுஷன். வாழ்க்கையில ஒரு தடவைகூட தப்பா பெனால்டி குடுத்ததில்ல."

"தூக்கம் வருதா சார்?"

"வருது."

"சாப்பாடு?"

"மருமகன் சமையல். அதுதான் பெரிய இழப்பு."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. "போனவங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சு, சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா சார்?"

ரெஃப்ரி வாயைத் திறந்தார். அடுத்த வேடிக்கை தயாராகத்தான் இருந்தது, ஆனால் வரவில்லை. ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இருக்கு" என்றார் ரெஃப்ரி. "என் மககிட்ட."

"சார், எங்க கணக்குல போனவர் ஆண்னு இருக்கே."

"உங்க கணக்கு தப்பும்மா. போனது என் மக. அவளைப் பின்வாசல் வழியா, அழுக்குத் துணியோட கொண்டுபோனாங்க. நாங்க ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுக் கூடவே போனோம். ஒருத்தர்கூடத் தலை குனியல. அன்னிக்கு உங்க தாழ்வாரத்துல எல்லாரும் குனிஞ்சு நின்னாங்க பாரு, அதை எனக்குன்னு நான் எடுத்துக்கல. அவளுக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் மெதுவா நடந்தேன். வாசல் வரைக்கும் அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

பேப்பர் சத்தம் நின்றுபோயிருந்தது. இது வரம்புக்குள் வராது என்று அலுவலர் சொல்லப்போகிறார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். பிறகு கேட்ட குரல் பள்ள நாற்காலி அறையில் கேட்ட குரல் மாதிரி இல்லை.

"அவங்க எப்படி இருப்பாங்க சார்? சொல்லுங்களேன்."

ரெஃப்ரி திரும்பி மருமகனைப் பார்த்தார். சோபாவில் கிடந்த துண்டைத் தள்ளிவிட்டு இடம் பண்ணினார். கழுத்திலிருந்த விசிலைக் கயிறோடு கழற்றி நீட்டினார்.

"மாப்ள, அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காரு. இது முடிய நேரமாகும். நான் ஏதாவது தப்பாச் சொன்னா ஊது."

மெக்கானிக் அடுப்பை அணைத்தார். வந்து, விசிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.